சின்ன ஊருக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன்: அரசாணை முதல் பொறுப்பு ஒப்படைப்பு வரை

போன மாதம் ஒரு இளம் உதவி ஆய்வாளர் போன் செய்தார். "ஐயா, புதுசா தொறக்கப்போற ஸ்டேஷனுக்கு என்னைப் போட்டிருக்காங்க. கட்டடம்கூட இன்னும் முடிவாகல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்றார். ஒரு மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு புது நிலையத்தை முதல் நாளில் திறந்து இரண்டரை வருடம் நடத்தியவன். தமிழ்நாட்டு மாவட்டக் காவல் எனக்குத் தெரியும். மாநகரக் காவலில் சில நடைமுறை மாறும். துறைக்காரர்களுக்கு மட்டும் இதை எழுதவில்லை. எங்கள் ஊருக்கு ஸ்டேஷன் வேண்டும் என்று வருடக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கலாம்.

படி 1: ஸ்டேஷன் கேட்பது எப்படி

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காவல் என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பேரூராட்சியோ நகராட்சியோ தனக்கென்று போலீஸ் வைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் நாலைந்தாயிரம் பேர் வாழும் ஊர்கூட நகர மன்றத்தில் தீர்மானம் போட்டு, வரிப் பணத்தில் சம்பளம் கொடுத்து, தானே ஒரு போலீஸ் தலைவரை நியமித்துக்கொள்ளும். நம் ஊரில் பேரூராட்சித் தீர்மானத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனாலும் மதிப்பு உண்டு. கோப்பில் முதல் தாளாக அது இருந்தால் நல்லது.

கோப்பு மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் தயாராகி, டிஐஜி, மண்டல ஐஜி, டிஜிபி அலுவலகம் வழியாக உள்துறைக்குப் போகும். சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது அறிவிப்பு வரும், அப்புறம் அரசாணை. எத்தனை பணியிடம், என்ன வாகனம், என்ன செலவு என்பதெல்லாம் அந்த அரசாணையில் இருக்கும்.

கோப்பில் என்ன எழுதுவது? பலரும் "மக்கள்தொகை பெருகிவிட்டது, குற்றங்கள் பெருகிவிட்டன" என்று பொதுவாக எழுதி அனுப்புகிறார்கள். அது நிற்காது. தாய் ஸ்டேஷனுக்கு (இப்போது அந்தப் பகுதியைப் பார்க்கும் பழைய ஸ்டேஷனுக்கு) கடைக்கோடிக் கிராமத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அந்தக் கிராமங்களிலிருந்து மட்டும் கடந்த ஐந்து வருடத்தில் வருடவாரியாகப் பதிவான வழக்குகள் எத்தனை, நெடுஞ்சாலை விபத்துச் சாவுகள் எத்தனை, பந்தோபஸ்து போட்டே ஆகவேண்டிய திருவிழாக்கள் எவை, பழைய சாதித் தகராறுகள் எங்கே என்று எழுதுங்கள். என் அனுபவத்தில் பஸ் நேரம்தான் மேலே இருப்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். மாலை ஆறரைக்குக் கடைசி பஸ் போய்விட்டால், ஏழு மணிக்கு அடி வாங்கிய பெண் மறுநாள் காலை வரை புகார் கொடுக்க முடியாது. இதைவிட வலுவான காரணம் வேறென்ன?

படி 2: எல்லையைக் காலால் நடந்து பாருங்கள்

கட்டடம், போர்டு, ஜீப் இவற்றால் ஸ்டேஷன் உண்டாவதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 2(1)(u) பிரிவு, மாநில அரசு காவல் நிலையம் என்று அறிவிக்கும் இடமே காவல் நிலையம் என்கிறது. அரசு குறிப்பிடும் சுற்றுவட்டாரமும் அதில் அடக்கம். ஆக, அறிவிக்கையில் வரும் வருவாய்க் கிராமங்களின் பட்டியல்தான் உங்கள் ஸ்டேஷனின் உடம்பு. அதில் ஒரு குக்கிராமம் விட்டுப்போனால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் பந்தாக உருளுவார்கள்.

எல்லையில் ஓடை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஓடையில் பிணம் ஒதுங்கினால் இந்தக் கரைக்காரர் "அது உங்க லிமிட்" என்பார், அந்தக் கரைக்காரர் "தலை உங்க பக்கம்தானே இருக்கு" என்பார். சிரிப்பாக இருக்கும், செத்தவர் வீட்டார் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வராது. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே விஏஓ-வையும் பக்கத்து ஸ்டேஷன் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு, புலவரைபடத்தைக் கையில் வைத்து எல்லையை நடந்துவிடுங்கள். ஓடை, ரயில் பாதை, பாலம் ஒவ்வொன்றுக்கும் எந்த சர்வே எண் யாருடையது என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஸ்டேஷனில் அந்த ஒரு தாள் மூன்று முறை சண்டையைத் தவிர்த்தது.

அறிவிக்கையில் இன்னொன்றையும் பாருங்கள்: எந்த நீதித்துறை நடுவர் நீதிமன்றம் உங்களுடையது? தாய் ஸ்டேஷனிலிருந்து வரும் பழைய வழக்குகளில் எவை உங்களுக்கு, எவை அங்கேயே நிற்கும்? இதை எழுத்தில் வாங்காமல் ஒரு கேஸ் கட்டையும் கை நீட்டி வாங்க வேண்டாம்.

படி 3: இடம்

புது நிலையங்களில் பல வாடகைக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோதான் கண் விழிக்கும். சொந்தக் கட்டடத்தைத் தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் கட்டித் தரும். நிலத்தை வருவாய்த்துறை ஒதுக்கி, நிதியும் வர வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகலாம். அதனால் தற்காலிகம் என்று அசட்டையாக இடம் பிடிக்காதீர்கள்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். மதுக்கடைக்கும், அரசியல் கட்சி ஆபீசுக்கும் பக்கத்தில் வேண்டாம். பிடித்த வண்டிகளை நிறுத்தக் காம்பவுண்டு வேண்டும். இல்லையென்றால் ஆறே மாதத்தில் மணல் லாரியும் மாட்டு வண்டியும் பைக்கும் தெருவை அடைத்துக்கொள்ளும். பெண் காவலர்களுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடிய தனிக் கழிப்பறையும் உடை மாற்ற அறையும் திறப்பு விழாவுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். "பின்னாடி பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கிறது.

கட்டடச் சொந்தக்காரர் யார் என்றும் விசாரியுங்கள். அவர் மேல் வழக்கு இருந்தால் அந்த வீடு வேண்டாம். வாடகை பேசும்போது "ஏசி நான் போட்டுத் தர்றேன் சார்" என்று ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வருவார். சோபா, தண்ணீர்ச் சுத்திகரிப்பான், கம்ப்யூட்டர் டேபிள் என்று பட்டியல் நீளும். நல்ல மனசோடும் தருவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மைத்துனன் குடித்துவிட்டு யார் மேலாவது காரை ஏற்றிய அன்று, அந்த ஏசிக்குக் கீழே உட்கார்ந்துதான் நீங்கள் எஃப்ஐஆர் எழுத வேண்டும். மின்விசிறி போதும்.

லாக்கப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே போய் நீங்களே பத்து நிமிடம் உட்காருங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் கம்பி, கொக்கி, ஜன்னல் சட்டம், மின் ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் கூடாது; மறைப்புச் சுவர் இருந்தால் போதும். உள்ளே போகிறவரின் அரைஞாண், பெல்ட், துண்டு எல்லாம் வெளியே. பாராவில் (நிலையக் காவலில்) இருப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே லாக்கப்பின் எல்லா மூலையும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேசையை நகர்த்துங்கள்.

சிசிடிவி இனி சலுகை அல்ல. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு நிலையத்திலும் எங்கெங்கே கேமரா வேண்டும் என்று பட்டியலே கொடுத்துவிட்டது. நுழைவாயில், வெளியேறும் வாயில், லாக்கப், நடைபாதை, வரவேற்பு, வராண்டா, ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, பின்பக்கம், கழிப்பறைக்கு வெளியே என்று எல்லாம் அதில் உண்டு. ஒலியும் பதிவாக வேண்டும், இரவிலும் தெரிய வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும்; அந்த அளவுக்குச் சேமிக்கும் கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஒரு வருடம். கேமரா ஓடுகிறதா என்பதற்கு நிலைய அதிகாரியே பொறுப்பு. தினமும் காலை ரோல் காலுக்கு முன் திரையைப் பார்த்து, "கேமராக்கள் இயங்குகின்றன" என்று பொது நாட்குறிப்பில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால் அதையும் எழுதி, யாருக்குத் தகவல் சொன்னீர்கள் என்றும் எழுதுங்கள்.

படி 4: இருபத்துநான்கு பேர் எப்படி ஏழு பேர் ஆகிறார்கள்

கணக்குக்காக உங்கள் நிலையத்துக்கு 24 பணியிடம் என்று வைத்துக்கொள்வோம். நாலு காலி. டிஎஸ்பி ஆபீசுக்கும் தனிப்படைக்கும் அயல்பணியாக மூன்று பேர் போய்விடுவார்கள். மீதி 17. கோர்ட் டியூட்டி ஒருவர், ரைட்டரும் (நிலையத்தின் எழுத்து வேலை பார்ப்பவர்) அவருக்கு உதவியாளும் இரண்டு பேர், ஜீப் டிரைவர் ஒருவர். 13. வார ஓய்வு, விடுப்பு, பயிற்சி என்று எப்போதும் மூன்று பேர் இருக்க மாட்டார்கள். 10. பாரா மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர். ஏழு பேர் மிச்சம். இந்த ஏழு பேரில்தான் பகல் ரோந்து, இரவு ரோந்து, சம்மன், வாரண்ட், ஆஸ்பத்திரி, பிரேதப் பரிசோதனை, கோயில் திருவிழா, அமைச்சர் வருகை எல்லாம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "நாலு பீட் (ரோந்துப் பகுதி), ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர்" என்று சார்ட் ஒட்டுகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் சார்ட்டைக் கிழித்துவிடுவார்கள். இருக்கிற ஏழு பேருக்கு நேர்மையான டியூட்டி போடுங்கள். வார ஓய்வுக்கு 2021-லேயே அரசாணை வந்துவிட்டது. ஆள் இல்லை என்று அதை வெட்டாதீர்கள். தூங்காத காவலர் காலை பத்து மணிக்கு மனு கொண்டு வருகிறவரிடம் எரிந்து விழுவார். அந்த ஊர் உங்களை அதை வைத்துத்தான் எடை போடும்.

முதலில் தேட வேண்டிய ஆள் ரைட்டர். நல்ல ரைட்டர் கிடைத்தால் பாதி ஸ்டேஷன் ஓடிவிடும். எழுத்து அழகு முக்கியமில்லை, அதற்கு இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்த நீதிமன்றத்துக்கு எந்தக் காகிதம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பது அவர் விரல் நுனியில் இருக்க வேண்டும். நீங்கள் அவசரத்தில் தப்பான பிரிவைச் சொன்னால் "ஐயா, அது வராதுங்க" என்று சொல்லும் தைரியமும் வேண்டும். அப்படிச் சொன்ன ஒரு ஏட்டையா என்னை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்காத மூன்றாவது முறை, கோர்ட்டில் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

படி 5: முதல் நாள் எழுத்து

ரிப்பன் வெட்டி, இனிப்புக் கொடுத்து, போட்டோ எடுத்து எல்லோரும் கிளம்பிய பிறகு உங்கள் வேலை ஆரம்பிக்கும். பொது நாட்குறிப்பின் முதல் பக்கத்தைத் திறந்து, நிலையம் இந்த அரசாணைப்படி இந்த நேரத்தில் செயல்படத் தொடங்கியது, பணியில் இருப்பவர்கள் இன்னார் இன்னார், துப்பாக்கி இத்தனை, தோட்டா இத்தனை, ரொக்கம் இவ்வளவு என்று எழுதுங்கள். இதற்குப் பிறகு ஸ்டேஷனில் நடப்பது எல்லாம் இந்த நாட்குறிப்பில் நேரம் போட்டு ஏற வேண்டும். யார் வெளியே போனார், எதற்குப் போனார், எப்போது திரும்பினார் என்பது வரை. "சாயங்காலம் மொத்தமா எழுதிக்கலாம்" என்பது இந்தத் தொழிலின் பெரிய வியாதி. மொத்தமாக எழுதிய நாட்குறிப்பு ஒரே மையில், ஒரே மூச்சில், ஒரே சாய்வில் இருக்கும். குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்.

மற்ற பதிவேடுகளின் பட்டியல் காவல்துறை நிலையாணையில் இருக்கிறது; அதைப் பார்த்துத் திறந்துகொள்ளுங்கள். சிசிடிஎன்எஸ் (எஃப்ஐஆர் ஏற்றும் காவல்துறைக் கணினி வலையமைப்பு) இணைப்பு, இணையம், யுபிஎஸ், வாக்கிடாக்கி மைக் இவை ஓடுகின்றனவா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள். திறப்பு விழாவுக்கு மறுநாள் முதல் எஃப்ஐஆர் போட உட்கார்ந்தபோது எங்களுக்கு நெட் இல்லை. பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

கிராம விவரக் குறிப்புகளைத் தாய் ஸ்டேஷனிலிருந்து பார்த்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். பத்து வருடம் முன்பு செத்தவர் இன்னும் ரவுடிப் பட்டியலில் உயிரோடு இருப்பார். திருந்தி மளிகைக்கடை வைத்தவரையும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு பெயரையும் நேரில் பார்த்து, வைக்க வேண்டியதை வையுங்கள், நீக்க வேண்டியதை மேலதிகாரிக்கு எழுதுங்கள்.

படி 6: மனு கொடுத்தவர் கையில் காகிதம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் மாதத்தில் ஒரு பாட்டி வந்தார். இரண்டு வெள்ளாட்டைக் காணோம். எழுதத் தெரியாது. ஏட்டையா சொல்லக் கேட்டு எழுதி, சமுதாயப் பணிப் பதிவேட்டில் ஏற்றி, சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்தார். ஆடு கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வேறு விஷயமாக அதே பாட்டி வந்தபோது, சுருக்குப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த அந்த ரசீதை எடுத்து மேசையில் வைத்து, "இதுக்கு முன்னாடி உங்ககிட்டத்தான் குடுத்தேன்" என்றார். ஆட்டைக் கண்டுபிடிக்காத ஸ்டேஷனை அவர் நம்பி மறுபடி வந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம்.

மனு வந்தால் மூன்று வழிகள்தான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது மனுவிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதியச் சொல்கிறது. மின்னஞ்சல் போன்ற வழியில் புகார் வந்தாலும் வாங்க வேண்டும். கொடுத்தவர் மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் சரி. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டிஎஸ்பியின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். அதற்கு மேல் "விசாரிச்சுட்டு இருக்கோம்" என்று இழுக்க இடமில்லை. எஃப்ஐஆர் நகல் இலவசம். கேட்டால்தான் கொடுப்போம் என்று இருக்காதீர்கள்.

பிடியாணை தேவைப்படும் சிறு குற்றம் என்றால் 174-ஆம் பிரிவுப்படி பதிந்து, நீதிமன்றத்துக்குப் போகும் வழியைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சிவில் விவகாரம். வரப்புத் தகராறு, கைமாத்து, வாடகைப் பாக்கி, பங்காளிப் பாகப்பிரிவினை. சின்ன ஊரில் வருகிற மனுவில் பாதி இதுதான். வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது கொடுங்கள், அடிதடியாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "இன்னிக்கு ஸ்டேஷன்லயே முடிச்சு விட்டுருவோம்" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டால் நீங்கள் கட்டப்பஞ்சாயத்துக்காரர். சீருடை போட்டிருப்பது மட்டும்தான் வித்தியாசம். கையெழுத்து வாங்குவது, செக் வாங்கி வைப்பது, சாவியை வாங்கி மேசை டிராயரில் போடுவது எதுவும் வேண்டாம். சிவில் கோர்ட்டுக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்கும் வழி காட்டிவிடுங்கள்.

ராத்திரி டியூட்டியில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நிலைய அதிகாரி வெளியே போயிருந்தாலோ உடம்பு முடியாமல் இருந்தாலோ, அங்கே இருப்பவர்களில் காவலருக்கு மேலான பதவியில் அடுத்து நிற்பவர்தான் சட்டப்படி நிலைய அதிகாரி. அதாவது ராத்திரி இரண்டு மணிக்குத் தலைமைக் காவலர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவரே பொறுப்பு. "ஐயா காலையில வருவாரு, அப்புறம் வாங்க" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

கொலை போன்ற பெரிய வழக்கில் எக்ஸ்பிரஸ் எஃப்ஐஆரை உடனே ஒரு காவலரிடம் கொடுத்து நடுவர் வீட்டுக்கே அனுப்ப வேண்டும். எத்தனை மணிக்குப் புறப்பட்டார், நடுவர் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டார் என்பதை வைத்துத்தான் பின்னால் வழக்கே தொங்கும். பஸ் கிடைக்கவில்லை, டீ குடித்தேன் என்ற கதைகளைச் சாட்சிக்கூண்டில் சொல்ல முடியாது.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் எஃப்ஐஆர் போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை. 2018 திருத்தத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. பதிவது நீங்கள், விசாரிப்பது டிஎஸ்பி. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) என்றால் குழந்தையை ஸ்டேஷனுக்கு வரவழைக்காதீர்கள். அது இருக்கும் இடத்துக்கு, சீருடை இல்லாமல், முடிந்தவரை உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி போய் வாக்குமூலம் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும்.

படி 7: கைது

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததை எல்லோரும் அறிவோம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போன அப்பாவும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். அங்கே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்தின் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எழுதினார். நடந்ததைச் சாட்சியமாகச் சொல்ல முன்வந்தது அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அதுவும் ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன்தான். புதிதாகச் சேரும் காவலர்களிடம் நான் வேறு வகுப்பு எதுவும் எடுப்பதில்லை. இதைச் சொல்லிவிட்டு, ஆட்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டுவேன்.

நடைமுறைக்கு வருவோம். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக வருவதில்லை. அதே புதுச் சட்டத்தின் 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து வரவழைக்கலாம்; கைது செய்தால் ஏன் என்று எழுத வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014-ல் சொன்னதும் இதுதான். மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை, ஆள் 60 வயதைத் தாண்டியவர் அல்லது உடல் நலிந்தவர் என்றால் டிஎஸ்பியின் முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது. பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்யவே கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் நடுவரின் முன் அனுமதி வாங்கி, பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். சிறுவர்களை எந்தக் காரணத்துக்கும் லாக்கப்பில் வைக்கக் கூடாது.

கைது செய்தால்: கைது குறிப்பாணை, அதில் சாட்சி கையெழுத்து, காரணத்தை அவரிடம் சொல்வது, உறவினருக்குத் தகவல், அந்தத் தகவலை யாருக்கு எப்போது சொன்னோம் என்ற பதிவு, மருத்துவப் பரிசோதனை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்பு. மருத்துவரிடம் கொண்டு போகும் முன்பே உடம்பில் பழைய காயம் இருந்தால் எழுதி வையுங்கள். "சும்மா விசாரணைக்குத்தான், கைது காட்டல" என்று ஒருவரை இரண்டு நாள் உட்கார வைப்பது சட்டத்தில் இல்லாத ஒரு ஏற்பாடு. அவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டால் அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஆள். நீங்கள் மட்டும் எல்லாப் பதிவேட்டிலும் இருப்பீர்கள்.

படி 8: சொத்து அறை

திருட்டு நகை, பிடித்த பைக், கஞ்சாப் பொட்டலம், ரத்தக்கறை படிந்த அரிவாள், சாராயக் கேன். எல்லாம் ஒரு அறையில் வந்து சேரும். படிவம் 95-ல் எழுதி நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் வரை ஒவ்வொன்றும் உங்கள் தலைமேல்தான். எங்கள் வாடகைக் கட்டடத்தில் அந்த அறைக்கு ஓடு போட்ட கூரை. ஐப்பசி மழையில் ஒழுகி, பொட்டலங்களில் ஒட்டியிருந்த சீட்டுகளில் மை கரைந்து, எந்தப் பை எந்த வழக்கு என்று தெரியாமல் நானும் ரைட்டரும் ஒரு ராத்திரி முழுக்க எடையையும் முத்திரையையும் வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து பென்சிலில் எழுதிய இன்னொரு சீட்டு உள்ளேயும் போகும். பென்சில் கரையாது.

சோதனையும் கைப்பற்றலும் இப்போது புதுச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி வீடியோவில் பதிவாக வேண்டும். போன் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதும் விசாரணையின் பகுதியாகிவிட்டது.

படி 9: ஊரைத் தெரிந்துகொள்வது

முதல் மூன்று மாதம் ஜீப்பில் போவதைக் குறைத்து, பைக்கிலும் நடந்தும் போங்கள். டீக்கடை, பள்ளி வாசல், ஆட்டோ ஸ்டாண்டு, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரை. காலனிக்கு முதல் வாரத்திலேயே போங்கள். பிரச்சனை வந்த அன்றுதான் முதன்முதலாகப் போனீர்கள் என்றால் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள்.

இரவு ரோந்துக்குப் பட்டா புத்தகங்களை (காவலர் வந்து போனதைக் குறிக்கும் நோட்டுகளை) வங்கி, ஏடிஎம், நகைக்கடை, கோயில், தனியாக இருக்கும் முதியவர் வீடு என்று வைத்து, நேரம் போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மாதத்தில் இரண்டு முறை நீங்களே போய் அதைத் திறந்து பாருங்கள். எல்லாப் புத்தகத்திலும் ஒரே நேரம் இருந்தால், காவலர் பறந்திருக்கிறார் என்று அர்த்தம்.

திருவிழா பந்தோபஸ்து ஒரு மாதம் முன்பே தொடங்குகிறது. தேர் எந்தத் தெருவில் திரும்பும், முதல் மரியாதை யாருக்கு, போன வருடம் எந்த இடத்தில் கல் விழுந்தது என்று கேட்டு எழுதுங்கள். தாசில்தார் தலைமையில் அமைதிக் கூட்டம் போட்டு, ஒத்துக்கொண்டதை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வையுங்கள். மின்வாரியத்திடம் தேர் உயரத்தைச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் சண்டை வருவதைவிடத் தேர் மின்கம்பியில் உரசுவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

சைபர் மோசடி இப்போது கிராமத்துக்கும் வந்துவிட்டது. பணம் போனவர் ஓடி வந்தால், புகாரை நிதானமாக எழுதும் முன் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போட வையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

படி 10: பொறுப்பு ஒப்படைப்பு

இரண்டு வருடத்திலோ மூன்று வருடத்திலோ மாற்றல் வரும். தேர்தல் வந்தால் அதற்கு முன்பே வரும். ஆணை வந்த அன்று மூட்டை கட்டாதீர்கள். புதிதாக வருகிறவரோடு உட்கார்ந்து துப்பாக்கியையும் தோட்டாவையும் எண்ணுங்கள். சொத்து அறையில் ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு டிக் அடியுங்கள். நிலுவை வழக்குகளை, குற்றப்பத்திரிகை எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்ற வரிசையில் எழுதிக் கொடுங்கள். ரிமாண்டில் ஆள் இருக்கும் வழக்கில் குற்றப்பத்திரிகைக்குக் கெடு 60 நாளா 90 நாளா என்பதைச் சிவப்பு மையில். யாரிடம் பேசினால் ஊர் அடங்கும், யார் பொய்ப் புகார் கொடுப்பார், எந்தக் குடும்பத்தில் எப்போது வெட்டு விழும் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதை டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

நான் கிளம்பிய அன்று எண்ணி முடிக்கச் சாயங்காலம் ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. ஒரு பித்தளைக் குத்துவிளக்கு கணக்கில் வரவில்லை. தேடினால், திறப்பு விழாவன்று கோயிலிலிருந்து இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. எந்தப் புத்தகத்திலும் ஏற்றவும் இல்லை. காவலர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பி, பூசாரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி, அதையும் நாட்குறிப்பில் நேரம் போட்டு எழுதிவிட்டு, ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.